ஆகஸ்ட் மாதப் படம்: விமர்சனங்களோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் ஆகஸ்ட் என்றால் பெண்கள் மாதம். 1956 ஆகஸ்ட் 9 அன்று லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசஃப், ரஹிமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் நால்வரும் முன்னால் போக, ஏறக்குறைய 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் யூனியன் பில்டிங்ஸுக்குத் திரண்டு போய், கறுப்பினத்தவர் எங்கே போனாலும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்துக்கு எதிரான மனுக்கட்டுகளைப் பிரதமர் அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். அந்த நாள் இப்போது பொது விடுமுறை. நம்மவர்களுக்கு அது ஆடி மாதமும்கூட. டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரங்கள் அவை. ஆக, கோயில் மண்டபத்தில் ஆள் இருக்கும், அண்டா இருக்கும், நாற்காலி இருக்கும். பெண்கள் பிரிவு ஒரு திரையைக் கட்டி, ஏதாவது ஒரு பெண் தலைவியின் வாழ்க்கைப் படத்தைப் போட்டுவிடும். படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து "ரொம்ப இன்ஸ்பயரிங்" என்பார். கைதட்டல். டீ.

படத்துக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் உருப்படியான பேச்சு நடக்க என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பரமக்குடிக்காரி, கல்யாணமாகி டர்பன் வந்தவள், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். சினிமா படித்தவள் இல்லை. ஆனால் விமர்சனம் படிப்பதில் ஒரு பைத்தியம் உண்டு. படத்தைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களையும் கூட்டத்துக்குள் கொண்டுவந்தால் பேச்சு சூடு பிடிக்கும் என்பது என் அனுபவம். கொண்டுவரும் விதம்தான் முக்கியம். விமர்சகர் சொன்னதைத் தீர்ப்பு மாதிரி வாசித்துக் காட்டினால் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். "இவர் ஏன் இப்படிச் சொல்கிறார், எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள், மூலையில் இருக்கும் பெரியம்மாகூடப் பேசுவார்.

உதாரணத்துக்கு இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது 'த குளோரியாஸ்'. அமெரிக்கப் பெண்ணியத் தலைவி குளோரியா ஸ்டைனம் 2015-ல் எழுதிய 'மை லைஃப் ஆன் த ரோட்' என்ற நினைவுநூலை வைத்து ஜூலி டேமோர் இயக்கியது. 'லயன் கிங்' கதையை 1997-ல் பிராட்வே மேடையில் ஏற்றியவர் இவர்தான் என்று சொன்னால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த இசையில் நம் தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர் லெபோ எம்-இன் பங்கு அப்படி. இரண்டாவது, நெல்சன் மண்டேலாவின் மனைவியாக இருந்த, நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய வின்னியைப் பற்றி 2011-ல் வந்த 'வின்னி மண்டேலா'. இயக்கியவர் தென்னாப்பிரிக்கர் டாரல் ரூட். வின்னியாக நடித்தவர் அமெரிக்கப் பாடகி ஜெனிஃபர் ஹட்சன். வின்னியைப் பெண்ணியவாதி என்று அழைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் (ஏஎன்சி) கட்சி மகளிர் அணியின் தலைவராக இருந்தவர் அவர். நாட்டில் பாதிப் பேர் 'தேசத்தின் தாய்' என்று கும்பிட்டார்கள், மீதிப் பேர் திட்டினார்கள். விமர்சனம் படித்துப் பழக இதைவிடத் தோதான ஆள் கிடைக்க மாட்டார்.

படம் போடுவதற்கு முன்

விமர்சனங்களை முன்கூட்டிக் கூட்டத்துக்கு அனுப்பாதீர்கள். வாட்ஸாப்பில் ஒரு இணைப்பைத் தட்டிவிட்டால் போதும், படம் தொடங்கும் முன்பே "இழுவையாம்" என்று நாலு பேர் தீர்மானித்துவிடுவார்கள். நடத்துபவர் மட்டும் படிக்கட்டும், அதுவும் சில விவரங்களுக்காக மட்டும்.

ஒன்று, படத்தின் வடிவம். 'த குளோரியாஸ்' நேராகக் கதை சொல்லாது. சிறுமியாக ரையன் கியரா ஆம்ஸ்ட்ராங், பதின்வயதில் லுலு வில்சன், இளம்பெண்ணாக அலிசியா விக்காண்டர், பிறகு ஜூலியன் மூர் என்று நான்கு பேர் ஒரே ஆளாக வருகிறார்கள். போதாததற்கு ஒரு கறுப்பு வெள்ளை பஸ்ஸில் இந்த நான்கு குளோரியாக்களும் ஒன்றாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "அந்தச் சின்னப் பொண்ணு யாரு, மகளா?" என்ற கேள்வி படம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, மனதைத் தொந்தரவு செய்யும் பகுதிகள். ஸ்டைனம் 22 வயதில், இந்தியாவுக்குக் கிளம்பும் வழியில், லண்டனில் கருக்கலைப்பு செய்துகொண்டவர். அது 1957, பிரிட்டனில் சட்டம் தளர்ந்தது 1967-ல். உதவிய டாக்டர் ஜான் ஷார்ப்புக்குத்தான் அவர் அந்த நினைவுநூலையே காணிக்கை ஆக்கியிருக்கிறார். கோயில் மண்டபம், பாட்டிகள், பேத்திகள், கூடவே சாமி படங்கள். படத்தில் இந்த விஷயம் வரும் என்று முன்பே அமைதியாகச் சொல்லிவைத்தால் யாரும் திடுக்கிட மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இதை அனுமதிக்கும் சட்டம் 1996-லேயே வந்துவிட்டது, கறுப்பு வெள்ளையாக. ஆனால் எங்கள் வீடுகளில் பேச்சு இன்னும் அடுப்படிக்குள்தான். சின்னப் பிள்ளைகள் வந்திருந்தால் பக்கத்து அறையில் கோலப் போட்டி வைத்துவிடுங்கள்.

படம் இரண்டு மணி நேரத்தையும் தாண்டிப் போகும். நடுவில் வடைக்கு நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தில் விமர்சகர்கள் எல்லோரும் சரி: நீளம்தான்.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

படம் முடிந்து விமர்சனம் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரு எண். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் தக்காளிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சதவீதத்தைப் பள்ளிக்கூட மார்க் என்று நினைப்பவர்கள் எங்கள் கூட்டத்தில் நிறைய. அது மார்க் அல்ல. எழுதிய விமர்சகர்களில் எத்தனை பேர் "பார்க்கலாம்" பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு. பத்து பேரும் "பரவாயில்லை" என்று சொன்னால் அந்தப் படம் 100. ஆறு பேர் "அற்புதம்" என்று துள்ளி, நாலு பேர் "தாங்கவில்லை" என்று எழுந்து போனால் அது 60. இரண்டாவது படம்தான் பேசுவதற்கு ஏற்ற படம் என்பது உங்களுக்கே புரியும். 60-ம் அதற்கு மேலும் என்றால் சிவப்புத் தக்காளி, கீழே போனால் நசுங்கிய பச்சை. மெட்டாக்ரிட்டிக் என்ற இன்னொரு தளம் வேறு மாதிரி: ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, பெரிய பத்திரிகைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை போட்டுச் சராசரி எடுக்கும்.

'த குளோரியாஸ்' இரண்டு இடத்திலும் நடுவாந்தரம். நடுவாந்தரம் என்றால் எல்லோரும் அரைமனதாக இருந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. உள்ளே போய்ப் படித்தால் சண்டை தெரியும். ஆகவே எண்ணைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பாராட்டிய ஒன்று, திட்டிய ஒன்று, இரண்டுங்கெட்டானாக ஒன்று என்று எடுத்து அச்சடியுங்கள். அதற்கு மேல் வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள்.

மூன்று பென்சில்

அச்சடித்த தாளோடு மூன்று நிறப் பென்சில் கொடுங்கள். தலைவியைப் பற்றிய வாக்கியத்துக்குச் சிவப்பு. படம் எடுத்த விதத்தைப் பற்றிய வாக்கியத்துக்கு நீலம். அந்தந்தக் காலத்து அரசியலைப் பற்றியதற்குப் பச்சை. கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் இந்த வேலையிலேயே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

ஏனென்றால் வாழ்க்கைப் படங்களின் விமர்சனத்தில் இந்த மூன்றும் இட்லி மாவு போலக் கலந்து கிடக்கும். "ஸ்டைனம் இவ்வளவு பெரிய ஆளுமை, அவருக்கு இந்தப் படம் போதாது" என்ற கருத்தில் ஒருவர் எழுதியிருப்பார். அதில் எது சிவப்பு, எது நீலம்? எங்கள் கூட்டத்தில் ஒரு ஆன்ட்டி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது படத்தைத் திட்டுற மாதிரி அந்தம்மாவுக்குப் பூப் போடுது" என்றார். சரியாகப் பிடித்தார்.

நான் படித்த வரையில் இந்தப் படத்துக்கு வந்த நீல வாக்கியங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றின. பஸ் காட்சிகளைச் சிலர் கொண்டாடினார்கள்: ஒரு பெண் தன் பழைய வயதுகளோடு பேசிக்கொள்வதை நேராகக் காட்டிவிட்டார், துணிச்சல் என்றார்கள். வேறு சிலருக்கு அதுவே எரிச்சல்: பார்ப்பவர் தானாக உணர வேண்டியதைப் பாத்திரங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுகின்றன என்றார்கள். தொலைக்காட்சிப் பேட்டியில் ஒரு ஆண் அசட்டுக் கேள்வி கேட்க, திரை சிவந்து, சூறாவளி கிளம்பி, குளோரியாக்கள் சூனியக்காரிகளாகச் சுழலும் ஒரு கற்பனைக் காட்சி உண்டு. அதற்கும் இதே கதிதான். என்னைக் கேட்டால் பஸ் பிடித்தது, சூறாவளி பிடிக்கவில்லை. மண்டபத்தில் சூறாவளிக்குத்தான் கைதட்டல் விழுந்தது, விசிலோடு.

டேமோரின் பழைய வேலையைத் தெரிந்த விமர்சகர் இன்னும் அதிகமான மாயாஜாலத்தை எதிர்பார்த்து வருகிறார். பெண்ணியப் போராட்டத்தில் பங்கெடுத்தவர் தான் பார்த்த கூட்டங்களையும் சண்டைகளையும் எதிர்பார்த்து வருகிறார். இருவரும் பார்த்தது ஒரே படம், ஏமாந்தது வேறு வேறு இடத்தில். ஒவ்வொரு விமர்சனத்துக்குக் கீழேயும் "இவர் எந்தப் படத்தைப் பார்க்க வந்தார்?" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

தேதியை மறக்காதீர்கள்

விமர்சனத்தின் மேல் இருக்கும் தேதியை வட்டமிடச் சொல்லுங்கள். 'த குளோரியாஸ்' 2020 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது. பொதுமக்களுக்கு வந்தது செப்டம்பர் 30-ல். நடுவில் கொரோனா வந்தது. படம் வெளிவருவதற்கு 12 நாள் முன்பு, செப்டம்பர் 18-ல், கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவாக நின்ற அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்துபோனார். நவம்பரில் தேர்தல். ஜனவரியில் விழா அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதியதையும், அக்டோபரில் வீட்டுக்குள் அடைபட்டு, கருக்கலைப்பு உரிமை என்ன ஆகுமோ என்ற கவலையில் பார்த்தவர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பச்சைப் பென்சில் எங்கே அதிகம் ஓடுகிறது என்று தெரியும்.

வின்னி படத்துக்கும் இது பொருந்தும். 2011-ல் டொரன்டோ விழாவில் காட்டியபோதும் 2013-ல் அமெரிக்காவில் வெளிவந்தபோதும் அவர் உயிரோடு இருந்தார். 2018 ஏப்ரல் 2-ல் இறந்த பிறகு இந்த நாட்டின் இளம்பெண்கள் அவரைப் பற்றிப் பேசிய தொனியே வேறு. அன்றைய விமர்சனத்தை இன்று படிக்கும் கல்லூரிப் பெண்ணுக்குக் கோபம் வந்தால், விமர்சகர் முட்டாள் என்று அர்த்தம் இல்லை. இருவருக்கும் நடுவில் ஒரு சாவு இருக்கிறது.

தலைவியே படத்தைப் பற்றிப் பேசினால்

இங்கேதான் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும் தலைவியின் படம் என்றால் அவர் என்ன சொன்னார் என்பதே பெரிய செய்தி ஆகிவிடும். ஸ்டைனமுக்கு இது ஒரே ஆண்டில் இரண்டு முறை நடந்தது. 'த குளோரியாஸ்' அவர் நூலிலிருந்து வந்தது. கடைசியில் அவரே பஸ்ஸில் தோன்றுகிறார். அதே 2020-ல் 'மிஸஸ் அமெரிக்கா' என்ற தொடரும் வந்தது. அதில் ரோஸ் பிர்ன் ஸ்டைனமாக நடித்தார். கதையின் நடுநாயகமோ ஸ்டைனமின் எதிரணியில் நின்ற ஃபிலிஸ் ஷ்லாஃப்லி, நடித்தவர் கேட் பிளான்செட். அந்தத் தொடரை ஸ்டைனம் வெளிப்படையாகவே சாடினார். ஆணும் பெண்ணும் சமம் என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்க முயன்ற சம உரிமைச் சட்டத்திருத்தம் தோற்றதற்குக் காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பணபலம்தான் காரணம், பெண்களுக்குள் நடந்த சண்டை போலக் காட்டுவது பொய் என்பது அவர் வாதம். தொடரை ரசித்து எழுதிய விமர்சகர்களோ ஏராளம்.

கூட்டத்தில் இதைச் சொன்னால் உடனே "சம்பந்தப்பட்டவரே சொல்லிட்டாரே" என்று ஒரு குரல் வரும். நான் அப்போது வின்னியை எடுத்துப் போடுவேன். படம் எடுக்கும் முன்பே, தன்னைக் கலந்துகொள்ளவில்லை என்று வழக்கறிஞர் மூலம் எதிர்ப்புத் தெரிவித்தவர் வின்னி. இங்குள்ள நடிகர்களின் சங்கமும் எதிர்த்தது: நம் கதையைச் சொல்ல நம் நாட்டில் ஒரு நடிகை இல்லையா? படம் வந்தபோது பெரும்பாலான விமர்சனங்கள் மோசம். ஒரு நீண்ட, சிக்கலான வாழ்க்கையை அவசர அவசரமாகத் தாண்டிப் போகிறது என்ற குறை திரும்பத் திரும்ப வந்தது.

சரி, வெளிநாட்டு நடிகை என்பதுதான் குறையா? இயக்குநர் உள்ளூர்க்காரர். ஆனால் 2017-ல் வின்னியைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. இயக்கிய பாஸ்கல் லாம்ஷ் தென்னாப்பிரிக்கர் அல்ல. அந்தப் படத்தில் வின்னியே உட்கார்ந்து பேசுகிறார். அது சன்டான்ஸில் உலக ஆவணப்படப் பிரிவின் இயக்குநர் விருதை வாங்கியது. எந்த ஊர்க்காரர் எடுத்தார் என்பதைவிட, எடுத்தவர் போய்க் கேட்டாரா என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்காக, கேட்டு எடுத்த படம் உண்மை என்று ஆகிவிடாது. தலைவியின் சம்மதத்தோடு வரும் படம் துதிபாடலாக முடிய எல்லா வாய்ப்பும் உண்டு. கூட்டத்துக்கு ஒரு கேள்வி கொடுங்கள்: இந்தப் படத்தில் தலைவிக்குச் சங்கடம் தரும் ஒரு காட்சியாவது இருக்கிறதா? ஸ்டைனம் படத்தில் தேடிப் பாருங்கள், சுலபத்தில் அகப்படாது.

வின்னி என்றால் எதிர்ப்பக்கச் சிக்கல். 1989-ல் 14 வயதுச் சிறுவன் ஸ்டோம்பி செய்பெய் கொல்லப்பட்டது, அதில் வின்னியின் கால்பந்துக் குழுவுக்கு இருந்த தொடர்பு, 1997-ல், நிறவெறிக் காலக் குற்றங்களை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணை. பேச்சு அங்கே போய்விட்டால் படம் மறந்துபோகும், வழக்கு நடக்கும். எங்கள் மண்டபத்தில் இரண்டு சம்பந்திகள் ஏறக்குறைய முகம் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் பென்சிலைத் தூக்கிக் காட்டுங்கள்: நாம் இப்போது சிவப்பில் பேசுகிறோமா, நீலத்திலா? படம் எதை மறைத்தது என்பது நீலம். அவர் செய்தது சரியா என்பது சிவப்பு. சிவப்பும் பேசலாம், தப்பே இல்லை. எதைப் பேசுகிறோம் என்று தெரிந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

யார் இல்லை என்று பார்ப்பது

இதைப் பற்றி இப்போது எல்லா விமர்சகரும் எழுதுகிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 2015-ல் வந்த 'சஃப்ரஜெட்' படத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. லண்டன் வாக்குரிமைப் போராட்டத்தில் சோஃபியா துலீப் சிங் என்ற இந்திய இளவரசி 1910-லேயே தெருவில் நின்றவர் என்பதைப் பலர் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். 'த குளோரியாஸ்' இந்த விஷயத்தில் கவனமாக இருக்கிறது: கறுப்பினப் போராளிகள் டோரதி பிட்மன் ஹியூஸ், ஃப்ளோரின்ஸ் கென்னடி, பண்ணைத் தொழிலாளர் தலைவி டொலோரஸ் வெர்ட்டா, அமெரிக்கப் பூர்வகுடியான செரோக்கி இனத்தின் முதல் பெண் தலைவர் வில்மா மான்கில்லர் என்று வரிசையாக வருகிறார்கள். அதைப் பாராட்டியவர்களும் உண்டு, அவர்கள் எல்லோரும் கதாநாயகிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவே வந்து போகிறார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஒரு சுலபமான சோதனை: அந்தப் பெண்கள் குளோரியாவைத் தவிர வேறு எதைப் பற்றியாவது, வேறு யாரிடமாவது பேசும் காட்சிகளைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

எந்த விமர்சகரும் நின்று பார்க்காத இடம்

நான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம் இதுதான். ஸ்டைனம் 1957, 58-ல் இந்தியாவில் இருந்தார். படத்தில் இளம் குளோரியா சேலை கட்டிக்கொண்டு ரயிலில் பெண்கள் பெட்டியில் போகிறார். கிராமத்துப் பெண்கள் தங்களுக்கு நடந்த கொடுமைகளைச் சொல்ல, உட்கார்ந்து கேட்கிறார். நான் படித்த விமர்சனங்களில் இதற்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. இளமைப் பயணம், கண்ணுக்கு அழகு, சரி, அடுத்தது பத்திரிகை வேலை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே ஊர்ப்பெயர் இருக்கிறது. ராம்நாட். எங்கள் ராமநாதபுரம். வினோபா பாவேயின் வழியில் நடந்த சிறு குழு ஒன்றோடு, சாதிக் கலவரம் நடந்த கிராமங்களுக்குள் நடந்தே போயிருக்கிறார் அந்த 20 சொச்சம் வயது அமெரிக்கப் பெண். கையில் ஒரு டம்ளர், ஒரு சீப்பு, உடம்பில் உடுத்திய சேலை. இரவில் விளக்கு வெளிச்சத்தில் வட்டமாக உட்கார்ந்து ஊர்ச் சனங்கள் பேசுவதைக் கேட்பதுதான் வேலை. மக்கள் நம் பேச்சைக் கேட்க வேண்டும் என்றால் முதலில் நாம் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றதாக அவர் எழுதுகிறார். பின்னாளில் அமெரிக்கா முழுக்க அவர் நடத்திய கூட்டங்களுக்கு விதை அது.

1957 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் தலித் தலைவர் இமானுவேல் சேகரன் கொலை செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்து முதுகுளத்தூர் பக்கம் முழுவதும் பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூடு, எரிந்த வீடுகள், சாவுகள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. ஆனால் வயது சொல்ல மட்டும் அந்த ஆண்டு பயன்படும்: "உங்க சித்தப்பா கலவர வருஷம் பிறந்தவன்." அவ்வளவுதான். அந்தக் கலவரத்தின் ஈரம் காயாத கிராமங்களில் ஒரு வெளிநாட்டுப் பெண் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார் என்று டர்பனில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு என்னமோ செய்தது.

ஆகவே என் விமர்சனத்தில் நான் கேட்பது இது: படத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்தக் கிராமம் எது, கொடுமை செய்தவர் யார், ஏன் செய்தார் என்பது பிடிபடுமா? சாதி என்ற ஒன்று அங்கே நடந்தது தெரியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண்கள் பேசி முடித்ததும் கதை குளோரியாவோடு கிளம்பிப் போய்விடுகிறது. நியூயார்க் விமர்சகருக்கு அது குறையாகத் தெரியாதது இயல்பு. எங்கள் மண்டபத்தில் தெரிந்தது. உங்கள் கூட்டத்திலும் இப்படி ஒரு இடம் இருக்கும். வேறு படத்தில், வேறு காட்சியில். பெரிய பத்திரிகைகள் தாண்டிப் போன அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் விமர்சனங்களையே படிக்கச் சொல்கிறேன்.

பேச்சை நடத்துவது

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை, மைக், சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். விருந்தினர் வந்தால் விளக்கேற்றம், பொன்னாடை என்று அரை மணி நேரம் போய்விடும். ஆங்கிலத்தில் பேசுபவர் ஆங்கிலத்தில் பேசட்டும். இங்கே பிறந்த பெரும்பாலோருக்கு அதுதான் வாயில் வரும் மொழி. தமிழ் தேவாரத்திலும் சமையலிலும் இருக்கிறது. தமிழில் சொல்லத் தெரிந்த ஒருவர் நடுநடுவே சுருக்கிச் சொன்னால் போதும்.

முதல் கேள்வியாக "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்வார்கள். அடுத்து விமர்சனத் தாளை வாசித்து, "இதை எழுதியவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்திருந்தால் எந்த வரியை மாற்றியிருப்பார்?" என்று கேளுங்கள். வயதானவர்களை முதலில் பேசவிடாதீர்கள். மரியாதைக்குக் குறைவு இல்லை. பெரியம்மா ஒன்று சொல்லிவிட்டால் பெண்பிள்ளைகள் அதை மறுத்துப் பேச மாட்டார்கள். கடைசியில் பேசவிட்டால் பெரியம்மாவே மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு பேசுவார், அது இன்னும் நன்றாக இருக்கும். கருக்கலைப்புக் காட்சியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் தோண்டாதீர்கள். டீ நேரத்தில் பாத்திரம் கழுவும் இடத்தில் அந்தப் பேச்சு தானாக நடக்கும்.

கடைசியாக, எல்லோரையும் எழுதவைப்பது

வீட்டுக்குப் போய் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். கதைச் சுருக்கத்துக்கு நாலு வரிக்கு மேல் கூடாது. நான் எங்கே நின்று பார்க்கிறேன் என்பது ஒரு வரியாவது இருக்க வேண்டும். ஒரு காட்சியையாவது கண்ணால் பார்த்தபடி விவரிக்க வேண்டும். "அற்புதமான நடிப்பு" என்று எழுதினால் எந்த நொடியில் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வராத படத்துக்கு விமர்சனம் எழுதுவதும் நல்ல பயிற்சி. எங்கள் பிள்ளைகளுக்குத் தில்லையாடி வள்ளியம்மையைக் கொடுத்தேன். கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று 1913-ல் கேப் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் நம் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அந்தப் பெண் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் 16 வயதில் இறந்தாள். அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி காந்தி எழுதியது. அப்படி ஒரு படம் வந்தால் காமிரா யார் பக்கம் நிற்கும்? சாகும் காட்சியில் வள்ளியம்மையின் முகம் தெரியுமா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியுமா? ஒரு பெண் எழுதினாள்: "படத்தில் அவள் அம்மாவோடு சிறைக்குப் போகும் வழியில் என்ன பேசினாள் என்று காட்டவில்லை, எனக்குப் பிடிக்கவில்லை." வராத படத்தையே அவளுக்குப் பிடிக்கவில்லை. முழு மார்க் போட்டேன்.

பெரியவர்கள் கேட்டால் டாக்டர் குணத்தைக் கொடுங்கள். டர்பனில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்து, இந்தியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்துக்கு எதிரான 1946 சாத்வீக எதிர்ப்பில் சிறை போனவர். தன் கதையைத் தானே எழுதியும் வைத்திருக்கிறார். இதற்கு யார் நடிக்க வேண்டும் என்ற சண்டையே ஒரு சாயங்காலத்துக்குக் காணும்.

எழுதியதை அடுத்த கூட்டத்தில் வாசிக்க ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுங்கள். மணி அடிக்க ஒரு கறாரான பெண்பிள்ளையை உட்காரவையுங்கள். செயலாளர் ஆன்ட்டிக்கும் சேர்த்துத்தான்.